சூப்பர்வைசர் வர முடியாத இடம்

1. எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் விருப்பப்பட்டுத்தான் வேலை பார்க்கிறார்களா, யாராவது அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.
2. மீட்டிங் அறையில் ஒன்பது பெண்களிடம் கேட்டேன். ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.
3. ஒன்பது பேரும் பிரச்சினை இல்லை என்றார்கள். நானும் நிம்மதியாக விசாரணைத் தாளில் டிக் போட்டேன்.

பிறகு பெண்கள் கழிவறைக்குக் கை கழுவப் போனேன். ஒன்பது பேரில் ஒருவரான, பொம்மனஹள்ளியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவர பக்கத்துல வெச்சிக்கினு கேட்டா எவ மேடம் வாயத் தொறப்பா? இங்க கேளுங்க. இதுக்குள்ள அவர் வர முடியாது.”

கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒப்பந்த நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டதாம்.

“ஆஸ்பத்திரில வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம ஒரிஜினல் காட்டணும். கேட்டா தரமாட்டேங்கறாங்க. எப்டி போறது?”

மற்ற எட்டுப் பேரிடமும் அங்கேயே, வாஷ்பேசின் ஓரமாக நின்று மறுபடி கேட்டேன். ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதாவதொரு அசல் சான்றிதழை ஒப்பந்த நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் எல்லாம் திரும்பி வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று, நான் சொன்னதைக் கேட்ட என் மேலாளர் அந்த நிறுவனத்துக்கு எழுதினார்.

இருக்கிற வேலையும் போகலாம் என்று தெரிந்தேதான் அக்கா என்னிடம் பேசினார். நான் டிக் போட்ட தாள் அப்படியே மேலே போகாமல் தடுத்தவர் அவர். அதை நினைக்கும்போதெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். அக்காவையும் சேர்த்து எட்டுப் பேருக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஒருவருடையதை ஒப்பந்த நிறுவனம் தொலைத்துவிட்டது. நகலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம்.