கிரீஸ் பொட்டு

என் நைனா என் தம்பியின் வண்டிக்குக் கிரீஸ் பூசிய அன்றைக்கு எனக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் ஒரு பானை சோறு வெந்திருக்கும். சும்மா சொல்லவில்லை. தோசைத் திருப்பியும் கையுமாக வாசலில் நின்றிருந்தேன். உள்ளே தோசை கருகுகிற வாசனை வந்தும் நகரவில்லை. கிரீஸ்தானே, அதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கிரீஸ் என் சொத்து.

ஆந்திரா பக்கம், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். கையளவு நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர் நைனா, என் அப்பா. ஊரான் வயலில் கரும்பு வெட்டினார், பிறகு ஒரு பெரிய விவசாயியின் டிராக்டருக்கு டிரைவரானார். கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து லோன் கொடுக்க ஆரம்பித்த காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு டிராக்டரும் டிரைலரும் எடுத்தார். அம்மா போன பிறகு நைனாவும் எங்களோடு வந்துவிட்டார். வந்த மறுநாள் காலையிலேயே கிரீஸ் டப்பாவோடு டிராக்டருக்குப் பின்னால் குந்திவிட்டார்.

டிராக்டரையும் டிரைலரையும் சேர்க்கிற கொக்கி இருக்கிறதே, அதற்கு நைனா தன் விரலால்தான் கிரீஸ் பூசுவார். துணி, குச்சி எதுவும் ஆகாது. கொக்கியின் உள்வளைவில் விரலை மெதுவாக ஓட்டி, "இங்க தேஞ்சிக்கினு வருது, பாத்துக்க மருமவனே" என்பார். பூசி முடித்ததும் விரலில் மிச்சமிருப்பதை மட்கார்டில் ஒரு பொட்டாக வைப்பார். குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிறார்களே, அந்த மாதிரி திருஷ்டிப் பொட்டு. அதை யாரும் துடைக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வைத்து அது புளியங்கொட்டை கனத்துக்கு மேடாகிவிட்டது. மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். லோடு ஏற்றிய டிரைலர்கள் எத்தனையோ கவிழ்ந்திருக்கின்றன. எங்களுடையது கவிழ்ந்ததில்லை. எல்லாம் அந்தப் பொட்டு காத்ததுதான் என்று நான் நம்பினேன்.

எனக்கு நகைநட்டு என்று ஒன்றும் வந்ததில்லை. என் மாமியார் உயிரோடு இருந்தவரை, "ஒங்கப்பன் வூட்ல இன்னா போட்டாங்க ஒனக்கு?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்காமல் இருந்ததில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "கிரீஸ் போட்டாங்க" என்றேன். அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊருக்கே கேட்டது. ஆனாலும் சொன்னது பொய்யில்லை.

தம்பி கெட்டிக்காரன். திருப்பதியில் காலேஜ், சென்னையில் கம்ப்யூட்டர், அப்புறம் அமெரிக்கா. எங்கள் ஊரில் இருந்து விமானம் ஏறிய முதல் ஆள். அவன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அதற்கு நைனா சட்டை போட்டுக்கொள்வார். சத்தியமாக! போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? தலை சீவி, பொத்தானெல்லாம் மாட்டி, போனுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். எனக்கு முன்னால் மட்டும் எப்போதும் வெற்று மார்பு, தோளில் ஒரு துண்டு. தினம் மூன்று வேளை ஆக்கிப் போடுகிறவளுக்குத் துண்டு, வாரம் ஒரு தரம் 'ஹலோ' என்கிறவனுக்குச் சட்டை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தரம் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். காருக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வீடு. சக்கரம் வைத்த வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டாம். லீவு விட்டால் அதை இழுத்துக்கொண்டு மலை, ஏரி என்று கிளம்பிவிடுவானாம். நைனா அந்தப் போட்டோவை டீக்கடையில் காட்டாத ஆளில்லை.

"வூட்டையே இழுத்துக்கினு போறான் பாரு எம்புள்ள!"

"நானுந்தான் ஒரு வூட்ட இழுத்துக்கினு கெடக்கறேன். எவன் போட்டோ புடிச்சான்?" என்றேன். நைனாவுக்குக் காது கேட்கவில்லை. அதாவது, கேட்காத மாதிரி இருந்தார்.

பல வருஷம் கழித்துத் தம்பி திரும்பி வந்தான். ஸ்ரீ சிட்டி பக்கம் ஒரு ஃபாக்டரியில் பெரிய வேலை, திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற வழியில் வீடு. வந்தவன் சும்மா இருந்தானா? பெங்களூரில் சொல்லி அதே மாதிரி ஒரு வெள்ளை வீடு செய்து வாங்கி, அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் வந்து நின்றான். தெருவே கூடிவிட்டது. எங்கள் டிராக்டர் வேப்பமரத்தடியில் அழுக்குப் பிடித்து நின்றது.

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் நேராகப் பின்னால் போய் இணைப்பைத்தான் பார்த்தார். அங்கே கொக்கி இல்லை. காரின் பின்பக்கம் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக ஓர் இரும்பு உருண்டை. வீட்டின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணம் உருண்டையின் மேல் கவிழ்ந்து கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான்.

"இன்னா மாப்ள, கிரீஸே போடல? வறண்டு கெடக்குது?" என்றார்.

"ஐயோ மாமா, இதுக்கு கிரீஸ் ஆவவே ஆவாது. கிண்ணத்துக்குள்ள பிரேக் கட்டை மாதிரி கட்டைங்க இருக்குது. அது உருண்டைய இறுக்கிப் புடிச்சாத்தான் வூடு பின்னால ஆடாம வரும். கிரீஸ் பட்டுச்சுன்னா கட்டை அவ்ளோதான். வெளிநாட்டுல இருந்துதான் வரவழைக்கணும்."

நான் டீ கொடுத்துக்கொண்டே கேட்டேன். நைனா அப்போது கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார்.

டீயைக் குடித்துவிட்டுத் தம்பி மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "அக்கா, நைனாவ நான் கூட்டிக்கினு போறேன். இனிமே எங்கூடவே இருக்கட்டும். நீ எவ்ளோ நாள்தான் பாப்ப?"

"நான் சலிச்சிக்கினேனா ஒங்கிட்ட? வந்து எடுத்துக்கினு போக அவரு இன்னா பார்சலா?" என்றேன்.

குளித்துவிட்டு வந்த நைனாவிடமே கேட்டான். அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில்தான் அந்தக் கிரீஸ் விவகாரம். தம்பி பல் தேய்க்கப் போயிருந்தான். நைனா எங்கள் டப்பாவை, என் டிராக்டரின் டப்பாவை, எடுத்துக்கொண்டு அவன் காருக்குப் பின்னால் போனார். முந்தின நாள் ராத்திரி அவன் காட்டிக்கொடுத்திருந்த மாதிரி லீவரைத் தூக்கிக் கிண்ணத்தைக் கழற்றினார். உருண்டைக்குச் சுற்றிச் சுற்றிப் பூசினார். கிண்ணத்துக்குள்ளும் விரலை விட்டு, ஒரு மூலை விடாமல் பூசினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். 'நைனா, தொடாத' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வந்து கத்தட்டும், அருமைப் பிள்ளையிடம் நன்றாக வாங்கட்டும் என்று இருந்தேன். ஆமாம், இருந்தேன். இப்போது என்ன அதற்கு?

தம்பி வாயில் நுரையோடு வந்தான். பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. நுரையைத் துப்பினான். அப்புறம் நைனாவுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இந்தப் பக்கம் பத்தல நைனா. இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.

நைனா போட்டார். மிச்சத்தை அந்த வெள்ளைக் கதவில் பொட்டாக வைத்தார். எங்கள் மட்கார்டில் வைப்பதைவிடப் பெரிய பொட்டு. பாவி மனுஷன், அதிலேயுமா!

அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்த வெள்ளை வீடு தெருமுனை திரும்பும்போதே இடுப்பை ஆட்டியது. "திருப்பதி வரைக்கும் மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டணும் பாவம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு ஒரு பாவமும் தோன்றவில்லை.

அதன் பிறகு டிராக்டருக்கு நான்தான் கிரீஸ் போட்டேன். முதலில் குச்சியால் போட்டேன், அது பிசுபிசுவென்று ஒரே இடத்தில் அப்பிக்கொண்டது. அப்புறம் விரலால். பொட்டு மட்டும் வைக்கவில்லை. அது என் வேலை இல்லை. மட்கார்டில் இருந்த பழைய பொட்டு வெயிலில் காய்ந்து, ஓரம் பெயர்ந்து, ஒரு மழையில் பாதி போய்விட்டது. அதைப் பார்த்த அன்றைக்கு முடிவு செய்தேன், மாங்காய் சீசன் முடிந்ததும் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று.

போனேன். தம்பி வீட்டு கேட்டைத் திறந்ததும் அந்த வெள்ளை வீடுதான் முதலில் கண்ணில் பட்டது. சக்கரத்தில் காற்று இறங்கி, கூரையில் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. நைனா அதன் மூக்குக்கு முன்னால் குந்தி, கிண்ணத்துக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். வெள்ளைக் கதவில் பொட்டு எங்கள் மட்கார்டில் இருந்ததைவிட மேடாகியிருந்தது.

"தெனம் போடறேன் பாப்பா," என்றார். "எங்க எடுக்கறான்? லீவு இல்ல லீவு இல்லன்றான். வந்த அன்னைக்கி நின்னது நின்னதுதான்."

"இன்னா நைனா, வூட்ல கூட சட்டை?"

"இங்க போட்டுக்கினேதான் இருக்கணும். யாருனா வருவாங்க, போவாங்க. நம்ம வூடு மாதிரி வருமா?"

அந்த 'நம்ம வூடு' என் காதில் விழுந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அப்ப கெளம்பு, எங்கூட வந்துரு" என்றேன்.

"வரேன், வராம? இவன் வண்டி ஒரு தரம் நல்லபடியா கெளம்பட்டும். இதுக்கு கிரீஸ் போட ஆளில்ல பாரு. கெளப்பி உட்டுட்டு வந்துர்றேன்."

எனக்குத் தலை சுற்றியது. இவர் கிரீஸ் போடுகிறவரை அந்தக் கட்டைகள் பிடிக்காது, வண்டி கிளம்பாது. வண்டி கிளம்புகிறவரை இவர் வரமாட்டார். அடப்பாவி, ஒரு வார்த்தையும் பேசாமலே என் நைனாவைக் கட்டிப் போட்டுவிட்டானே!

நேராக உள்ளே போய்த் தம்பியைப் பிடித்தேன். "டேய், அவருகிட்ட சொல்லித் தொலையேன்டா. இல்லன்னா நான் சொல்றேன்."

அவன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அமெரிக்காவுல வெச்சிருந்த வண்டி இந்த மாதிரி இல்லக்கா. அது சாதா உருண்டை. கிரீஸ் போட்டே ஆவணும். ஒவ்வொரு தரமும் நானே போட்டு நானே பொட்டு வெச்சிக்குவேன். போன்ல பாதி நேரம் அவரு ஒங்க டிராக்டர் கதைதான சொல்வாரு. கொக்கி தேஞ்சிச்சு, மருமவன் சித்தூர் லோடு போயிருக்குறாரு, பொட்டு வெச்சேன்... இதத்தான் கேட்டுக்கினு இருந்தேன் நானு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. என்னால சொல்ல முடியல. நீ வேணும்னா சொல்லிக்க. நெஜமாத்தான் சொல்றேன், சொல்லிடு."

சொல்லத்தான் போனேன். இவன் கண்ணைக் கசக்கினால் நான் விட்டுவிடுவேனா? எத்தனை வருஷத்து எரிச்சல் எனக்கு. ஒரே ஒரு வார்த்தை, 'நைனா, நீ போடற கிரீஸாலதான் வண்டி நிக்குது.' அதைச் சொன்னால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே என்னோடு பஸ் ஏறிவிடுவார். பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"ஆமா, நம்ம டிராக்டருக்கு இப்ப யாரு போடறாங்க?" என்று நைனா முந்திக்கொண்டார்.

"நாந்தான்."

"குச்சியிலயா?"

"வெரல்ல."

"எங்க, காட்டு."

காட்டினேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு நிற்குமே, அது நின்றது. என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டுக்கினுதான் இருக்கற" என்றார். அப்புறம் தன் விரலில் மிச்சமிருந்த கிரீஸை, நரைத்த தலையோடு நிற்கிற என் கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டாக வைத்தார்.

"எங்கண்ணே பட்டுடும் போலக்குது பாப்பா" என்றார்.

கதவோரம் தம்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது எனக்குப் புதிசில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், நைனா பொத்தான் மாட்டும்போதெல்லாம் என் முகத்தில் இருந்ததுதான் அது. அவன் வெள்ளைக் கதவுக்குத்தான் பொட்டு. அவனுக்கு இல்லை.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பினேன்.

புத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பூக்காரம்மா. ரேணிகுண்டா தாண்டுகிறவரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தவள், பொறுக்க மாட்டாமல் முந்தானையை எடுத்து நீட்டினாள். "கன்னத்துல இன்னாமா அது, கிரீஸா? தொடச்சிக்க."

"இருக்கட்டும்," என்றேன். "எங்கப்பன் வூட்ல போட்டது."