ஓரெஸ்டின் தக்காளிச் செடிகள்

கனடாவின் ரெஜைனா நகரில் எங்கள் எதிர்வீட்டு லாய்ட், ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் வேலியோரம் நட்டு வளர்த்த மேப்பிள் மரத்தை, தன் தோட்டத்தில் வெயில் விழவில்லை என்று அவருக்குப் பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் கேட்காமல் வெட்டிவிட்டார். அதிலிருந்து பதினொரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஒரு ஜூலையில் ஓரெஸ்டை நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவருடைய தக்காளிச் செடிகள் வெயிலில் வாடித் தொங்கின. மூன்றாம் நாள் காலை, லாய்ட் வேலிக்கு மேலே குழாயை நீட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதும், "செடி என்னம்மா பண்ணுச்சு?" என்றார்.

ஐந்து வாரம் ஒருநாளும் தவறவில்லை.

ஓரெஸ்ட் மெலிந்துபோய்த் திரும்பினார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலியருகே வந்து நின்றார்.

"தண்ணிய அளவில்லாம ஊத்தியிருக்கே. பழமெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"அப்ப நீயே இருந்து ஊத்தியிருக்கணும்," என்றார் லாய்ட்.

ஓரெஸ்ட் வெடித்த பழமொன்றைப் பறித்து நீட்டினார். "உப்பு இருந்தா கொண்டா."

பிறகு தினமும் மாலையில் வேலிக்கு இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மரத்தைப் பற்றி மட்டும் பேசவேயில்லை.

செப்டம்பரில் ஓரெஸ்ட் இறந்தார். அதற்கடுத்த வாரம், அன்றிரவு உறைபனி விழும் என்று ரேடியோ சொன்ன அன்று, லாய்ட் அந்தத் தோட்டத்துக்குள் முதல்முறையாகப் போனார். மிச்சமிருந்த பச்சைக் காய்களைப் பனியில் கருகுமுன் பறித்துவந்து, பழுக்கட்டும் என்று தன் சமையலறை ஜன்னலோரம் அடுக்கினார்.