மாஸ்டருக்கு எழுதிய மூன்று கடிதங்கள்

மாஸ்டரை முதலில் எனக்குக் கோப்பாகத்தான் தெரியும். வயது நாற்பத்து நான்கு. தையல் கம்பெனியில் பத்தொன்பது வருடம் கட்டிங் மாஸ்டர். மனைவி, ஒரு மகள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இனி திரும்பாது. உடல் குறையால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேறு வேலையில் சேர்த்துவிடும் மறுவாழ்வு அலுவலகத்தில் நான் எழுத்தர். கோப்பில் இருப்பதற்கு மேல் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் அவசியம் எனக்கு வந்ததில்லை. மற்றதெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித் தெரிந்தவை.

கண் மங்குவதை அவர் மூன்று வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். துணியை நாற்பது அடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவது அவர் வேலை. கோடு தெரியாமல் போனதும் இடது கை விரலை அட்டையின் ஓரத்தில் ஓட்டி, அதையொட்டி மெஷினை நகர்த்தினார். வீட்டில் காலையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு டிவி செய்தியைக் காதில் வாங்கிக்கொள்வார். பக்கத்தைச் சரியான இடைவெளியில் புரட்டுவார். மகள் மதிப்பெண் அட்டையை நீட்டினால் "எங்கம்மா போடணும்?" என்பார். அவள் "இங்கப்பா" என்று விரலை வைப்பாள். விரல் நுனியைத் தொட்டுக் கையெழுத்துப் போடுவார்.

கடைசியில் மாட்டிக்கொண்டது ஒரு சட்டைக் கையால். வலது கைக்கும் இடது கைக்கும் ஒரே அட்டைதான், ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். புரட்டினோமா இல்லையா என்று அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அத்தனை அடுக்கும் இடது கையாகவே வந்து விழுந்தது. "மாஸ்டர் ஒத்தைக் கைக்காரங்களுக்கு ஆர்டர் புடிச்சிருக்காருடோய்" என்று தையல் வரிசையில் யாரோ கத்த, கம்பெனியே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தாராம். மறுநாள் போகவில்லை. வீட்டில் ஆர்டர் இல்லை, ஆள் குறைப்பு என்று சொல்லிவிட்டு, எங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்து விண்ணப்பம் கொடுத்தார்.

அந்த வருடம்தான் புதிய வேலைவாய்ப்புச் சட்டம் வந்திருந்தது. அதற்கு முன்பு 'பரிசீலனையில்' என்ற சொல்லுக்கு அடியில் வருடக் கணக்காகத் தூங்கிய கோப்புகள் எங்களிடம் உண்டு. புதிய சட்டம் தொண்ணூறு நாள் என்றது. விண்ணப்பம் ஏற்ற நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் இன்ன பயிற்சி, இன்ன வேலை என்று திட்டம் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்தாக வேண்டும். தாண்டினால் அலுவலகத்துக்குக் கெட்ட பெயர். ஆனால், தொலைபேசியிலோ கடிதத்திலோ மூன்று முறை அழைத்தும் ஒருவர் வரவில்லை என்றால், 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். மூடிய கோப்பு தாமதத்தில் சேராது.

எங்கள் மேடம் ஒரு கட்டுக் கோப்புகளை என் மேசையில் வைத்தார். "எல்லாம் தொண்ணூறத் தொடப் போகுது. கூப்பிடுப்பா. வர்றவங்க வரட்டும். வராதவங்கள மூடிடு."

எனக்குப் போனில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முகம் தெரியாதவரிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் எதிர்முனை "ஹலோ, ஹலோ" என்று அலுத்துப்போகும். கடிதம் சௌகரியம். உட்கார்ந்து எழுதினேன். ஒரு சொல் அதிகமில்லாமல், ஒரு சொல் குறையாமல். மூன்றாவது கடிதத்தில் 'தாங்கள்' எங்கே வர வேண்டும் என்பதற்கே அரை நாள் போயிற்று. பத்து நாளுக்கு ஒன்றாக எல்லாருக்கும் அச்சடித்து அனுப்பினேன். மாஸ்டருக்கும் மூன்று போயின. அவருடைய போன் எண் கோப்பின் முதல் பக்கத்தில், பெயருக்கு நேர் கீழே இருந்தது. பார்வை பற்றிய விவரம் அதற்கு அடுத்த வரி.

பதில் வரவில்லை. மூடினேன். மேடம், "பரவாயில்லையே, சுறுசுறுப்புத்தான்" என்றார். அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான்கள் அத்தனையும் சரியாகப் போட்டிருந்தார், இஸ்திரி கலையவில்லை. என் மேசை முனையைக் கையால் கண்டுபிடித்து நின்றார்.

"தம்பி, நான் கட்டிங் மாஸ்டர். விண்ணப்பம் கொடுத்திருந்தேன். போன் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. மூணு கவர்தான் வந்துச்சு." பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? வீட்ல யார்கிட்டயும் காட்டல. காட்டினா, ஏன் நீங்களே படிக்கலன்னு கேப்பாங்க."

மூன்று கவர்களும் பிரிக்கப்படாமலே இருந்தன. மூலைகள் மட்டும் தொட்டுத் தொட்டு மழுங்கியிருந்தன.

முதல் இரண்டையும் உள்ளபடி படித்தேன். மூன்றாவதைப் பிரித்தேன். 'பலமுறை அழைத்தும் தாங்கள் ஒத்துழைக்க மறுத்ததால் தங்கள் கோப்பு மூடப்படுகிறது.' என் வாயில் அது வரவில்லை.

"என்ன தம்பி, அச்சு சரியில்லையா?"

"இல்ல மாஸ்டர். பயிற்சி சம்பந்தமா நேர்ல வந்து பாக்கச் சொல்லி எழுதியிருக்கு."

"அப்ப சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தார். கடிதங்களை வாங்கி மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

அவரை உட்காரவைத்துவிட்டு மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணு தெரியாதவருக்கு மூணு லெட்டரா? போன் என்ன, கடிச்சிடுமா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "மறுபடி திறக்கலாம். திங்கக்கிழமை தொடங்கற பயிற்சியில ஒரு இடம் இருக்கு. ஆனா காரணம் எழுதணும். இதை அப்படியே எழுதினா ஆய்வுக்கு வர்றவங்க முன்னாடி நம்ம மூஞ்சிய எங்க வச்சிக்கறது?" என்றார். "உடம்பு சரியில்லாம படுத்திருந்தார்னு போட்டுடு. அவருக்கும் நஷ்டம் இல்ல."

'நீண்ட உடல்நலக் குறைவால் வர இயலவில்லை' என்று எழுதினேன். அதற்கு அரை நாள் எல்லாம் ஆகவில்லை.

மாஸ்டர் பயிற்சியில் சேர்ந்தார். அதற்காக வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மனைவி அழவில்லையாம். "மூணு வருஷமா பேப்பரைப் புரட்டிப் புரட்டி என்னை ஏமாத்தியிருக்கீங்க. நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாளிலிருந்து மனைவியே அவரைப் பயிற்சிக்குக் கொண்டுவிட்டார்.

பயிற்சி முடிந்து ஒரு மருத்துவமனையில் போன் மேசையில் வேலை கிடைத்தது. ஒரு காதில் கம்ப்யூட்டர் திரையை வாசித்துச் சொல்லும் குரல், இன்னொரு காதில் நோயாளி. மாதம் ஒரு முறை போன் செய்து விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். செய்தேன். ஒவ்வொரு முறையும், "சொல்லுங்க தம்பி, வேலை அமோகமா போகுது" என்பார். நானும் டிக் போட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஆறாம் மாதம் நேரில் பார்க்க வேண்டும். போனேன். ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்த அம்மா முதலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "இவரை நிரந்தரம் பண்ணலாம்னு இருக்கோம். ஆனா உங்க கோப்புல நீண்ட உடல்நலக் குறைவுன்னு இருக்கே, என்ன வியாதி? கேட்டா, ஒரு நாள்கூடப் படுத்ததில்லன்னு சாதிக்கிறார். மறைக்கிறாரோன்னு டாக்டர் சந்தேகப்படுறார். இன்னிக்குள்ள பதில் வேணும்."

மாஸ்டரின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். காலடியிலேயே என்னைக் கண்டுகொண்டார். ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"தம்பி, எனக்கு என்னமோ வியாதியாமே. எனக்கே தெரியாம எப்ப வந்துச்சு?"

நான் பையிலிருந்து கண்காணிப்புப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பயிற்சியில ஒண்ணு சொல்லிக்கொடுத்தாங்க. அச்சுக் காகிதத்துக்கு மேல போனைப் புடிச்சா அதுவே சத்தமா படிக்கும். ரெண்டாவது வாரமே வீட்டுக்குப் போய், என் சாமர்த்தியத்தைக் காட்டறேன்னு எல்லாரையும் உக்கார வச்சேன். படிக்கறதுக்கு வேற என்ன இருக்கு? உங்க மூணு கவர்தான்." அவர் சிரிக்கவில்லை. "அது உங்கள மாதிரி நல்லாப் படிக்கல தம்பி. எழுதினதை எழுதினபடியே படிக்குது. தாங்கள் ஒத்துழைக்க மறுத்ததால்னு அது சொன்னதும் என் பொண்ணு, ஏம்ப்பா மறுத்தீங்கன்னு கேட்டா."

அது ஒன்பது மாதத்துக்கு முந்தைய கதை. இத்தனை போன்களிலும் "அமோகமா போகுது" என்றவர் இதைத் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

"அதை எழுதினது யாரு?"

"நான்தான் மாஸ்டர்."

"வியாதி?"

"அதுவும் நான்தான்."

"கம்பெனியில நான் வெட்டின கை மாதிரி" என்றார். "ரெண்டுமே ஒரே பக்கம்."

கண்காணிப்புப் படிவத்தில் 'அலுவலர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை அதில் நான் 'திருப்தி' என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. அந்தப் படிவத்தின் ஒரு நகல் மருத்துவமனைக்குப் போகும், ஒன்று மேடத்துக்கு, ஒன்று ஆய்வுக்கு. பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல ஒரு சொல்லை மாற்றலாமா என்று தோன்றியது. மாற்றவில்லை.

"கையால எழுதினதா? என் போனுக்கு அது புரியாது" என்றார் மாஸ்டர். "நீங்களே படிங்க."

படித்தேன். "விண்ணப்பதாரருக்கு எந்த நோயும் இருக்கவில்லை. பார்வை இல்லாத அவருக்கு அச்சுக் கடிதங்கள் அனுப்பியது என் தவறு. போனில் அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை. ஒத்துழைக்க மறுத்தார் என்று எழுதியதும், நோய் என்று எழுதியதும் நான். இரண்டும் பொய்."

பக்கத்து மேசைப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். நான் தலை நிமிரவில்லை.

"அவ்வளவுதான் எழுதியிருக்கா? நீங்களா ஒண்ணும் சேக்கலையே?"

"அவ்வளவுதான் மாஸ்டர்."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். ஒரு சொல்லும் மாறாமல் வருகிறதா என்று அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

"எங்க போடணும்?"

படிவத்தின் அடியில், அவருக்கான கோட்டின் மேல் என் விரலை வைத்தேன். "இங்க" என்றேன். அவர் என் விரல் நுனியைத் தேடித் தொட்டுக் கையெழுத்துப் போட்டார்.