கருவாட்டுத் தூள் மேல் விழுந்த பழி

தருவைகுளத்தில் கருவாட்டை அரைத்துத் தூளாக்கிக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனத்தில் சேர்க்கக் கொடுக்கிறேன். அன்று காலை கொற்கைப் பண்ணைக்கார அண்ணாச்சி, பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பியிருந்தார்: "தருவைகுளத்துப் பிள்ள குடுக்க கருவாட்டுத் தூள்ல ஒரே உப்பு. கோழியெல்லாம் தண்ணியாக் கழியுது. யாரும் வாங்காதிய."

ஒவ்வொருவராகத் தூள் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். பதறிப்போய் அவர் பண்ணைக்கு ஓடினேன். கொட்டகையில் விரித்திருந்த உமி சொதசொதவென்று கிடந்தது. எச்சம் பசையாகச் செருப்பில் ஒட்டியது.

"ஏளா, என்னத்தக் கலந்த?" என்று கத்தினார்.

உப்பை நன்றாக உதறிவிட்டுத்தான் அரைத்தோமா என்பது எனக்கே உறுதியில்லை. ஆனாலும், "நல்ல தூள்தான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கால்நடை டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தீவனத்துல எதையாவது மாத்துனீங்களா?" என்றார் டாக்டர்.

"மக்காச்சோளத்தக் குறைச்சுக் கோதுமை போட்டேன் சார். அது செரிக்க நீங்க சொன்ன என்சைம் பொடியும் கலந்தேன்."

"எப்படிக் கலந்தீங்க?"

"குஞ்சுக்குக் கருப்பட்டித் தண்ணி காய்ச்சுவோம்லா, அது மாதிரி கொதிக்க வச்சுக் கரைச்சுத் தெளிச்சேன்."

"கொதிக்க வச்சா என்சைம் செத்துப்போகுமே! அது இல்லாமக் கோதுமை குடல்ல பசையாத்தான் நிக்கும்."

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. அதே குரூப்பைத் திறந்து என் எதிரிலேயே பேசினார்: "தப்பு எம்மேலதான். என்சைமைக் கொதிக்க வச்சுக் கெடுத்துட்டேன். அந்தப் பிள்ள தூள்ல ஒண்ணுமில்ல."

என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாலே போதும். அவர் எல்லோரிடமும் சொன்னார்.

இப்போது ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து உப்புப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறேன். அன்று எனக்கிருந்த சந்தேகத்தை அவரிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.