ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சின்

கடைத்தெருவில் அந்த மெக்கானிக்குக்கு ‘ஒருதடவை’ என்று பெயர். தான் ஒரு தடவை மாட்டியதை மறுபடி கழற்றியதே இல்லை என்று வாய் ஓயாமல் சொன்னதற்குக் கிடைத்த பட்டம். வெட்கப்பட வேண்டியவன், அதைப் பட்டறைப் பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவன் தன்னை யானைக்கும் மேலே வைத்திருந்தான்.

அவனுடைய அக்காவிடம் ஒரு பழங்காலக் கார் இருந்தது. மேட்டுத் தெருவில் தனியாக இருந்தவளுக்கு அதுதான் துணை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மகன் ஒற்றைக் காலில் நின்றான். “உன் காலு இனிமே சொன்ன பேச்சு கேக்காதும்மா. வண்டிய வித்துடலாம்.” அந்த நேரம் பார்த்து எஞ்சினும் விரிசல் விட்டது. தம்பிதான் அதே கம்பெனியின் பிந்திய மாடல் ஒன்றிலிருந்து எஞ்சினை இறக்கி, முந்திய மாடலின் உடம்பில் பொருத்திக் கொடுத்தான்.

“எனக்கு வக்காலத்து வாங்க நீ ஒருத்தன்தான்டா இருக்க” என்று சொல்லிவிட்டு, மத்தியானம் அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனதும் பட்டறையைக் கூட்டினான். பிந்திய மாடலின் ஆக்சிலேட்டர் கேபிள் துடைப்பத்தில் சிக்கியது. முந்திய மாடலில் மிதியிலிருந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டர் வரை விறைப்பான இரும்புக் கம்பி. அதை விட்டுவிட்டு இந்த நூலையா கட்டுவது என்று சிரித்து, பழைய கம்பியையே போட்டிருந்தான். இப்போது கேபிளைக் கையில் வைத்து வளைத்தான். எஞ்சின் ஆடினால் இது வளைந்து கொடுக்கும். கம்பி கொடுக்காது.

துடைப்பத்தைக் கீழே போட்டான். பழைய எஞ்சின் சட்டத்தோடு இறுக முடுக்கியது, அசையாது. புதிதாக வந்ததோ ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பது. மேட்டில் இழுக்கும்போது ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் கம்பி இழுபட்டு ஆக்சிலேட்டர் தானாகத் திறக்கும்; திறந்தால் எஞ்சின் இன்னும் சாயும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் அடங்காது. அவன் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பட்டறை வாசலில், சமமான தெருவில். அக்கா ஏறப்போவது மேடு. உச்சியில் தெரு சட்டென்று திரும்பும். திரும்பாவிட்டால் ஒரு தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம்.

போன் அடித்தான். ஓட்டும்போது அக்கா போனை எடுக்க மாட்டாள். அந்த ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுத்த மகானும் அவனேதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான்.

மேட்டில் பாதிக்கு மேல் தாரில் கறுப்பாக டயர் தடம் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் மூச்சு விட்டானா என்பது அவனுக்கே தெரியாது. திருப்பத்தில் கார் சுவரை உரசிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கப்போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“அடி பட்டுதாக்கா?”

“இல்லடா. சாவியத் திருப்பி அணைச்சுட்டு பிரேக்க மிதிச்சேன்.” அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “முன்னாடியே அணைச்சிருக்கணும். நீ மாட்டுன வண்டியாச்சே, அது மேல சந்தேகமே வரல. கால எடுத்துட்டேன்னு நெனச்சேன், எடுக்கல போல. என் காலத்தான் திட்டிட்டே வந்தேன்.”

சாவியை நீட்டினாள். “பையன் சொன்னது சரிதான். இனிமே நான் ஓட்டல. வித்துடு.”

அவன் வாங்கிக்கொண்டான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பட்டமும் பலகையும் பிழைக்கும், பழி அந்தக் காலோடு போய்விடும். கம்பியை யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்ளலாம். இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பிடித்து அழுத்தினான். எஞ்சின் சாய்ந்தது, கம்பி இழுபட்டது, கார்புரேட்டர் திறந்தது.

“இங்க பாருக்கா. உன் காலு இல்ல. நான்தான். கேபிள் போட வேண்டிய எடத்துல பழைய கம்பியப் போட்டுட்டேன்.”

திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றான். அக்கா எஞ்சினைப் பார்க்கவே இல்லை. ஆபரேஷன் செய்த முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் கால எடுத்துட்டுத்தான் இருந்தேனா?”

“எடுத்துட்டுத்தான்க்கா இருந்த.”

அவள் கண் நிறைந்தது. சாவிக்காகக் கையை நீட்டினாள்.

“இத நீயே வந்து என் பையன்கிட்ட சொல்லணும். வரும்போது அந்தப் பலகையக் கழட்டிட்டு வா.”