ஒரு வயலின்காரி பிடில்காரி ஆன கதை

1. முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாளே எட்டுப் பேரை ஒருவரோடு ஒருவர் மோத விட்டவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் பாடசாலையில் வயலின் படிப்பித்த நான், ரொறன்ரோவில் வார நாட்களில் தையல் தொழிற்சாலையிலும், வார இறுதியில் அரங்கேற்றங்களில் பக்கவாத்தியத்திலும் காலம் கடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் வில்லுக்கு முடி மாற்றுவதற்காக ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். மாற்றிய வில்லைச் சோதித்துப் பார்க்க இரண்டு வரி வாசித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெயர் டொரீன். கிராமிய நடனங்களுக்கு வாசிக்கும் ஒரு குழுவில் பியானோக்காரி. அவர்களுடைய பிடில்காரர் மணிக்கட்டை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார்.

"நோட்ஸ் பார்த்து வாசிப்பியா?" என்று கேட்டார்.

"இல்லை. காதால கேட்டால் வாசிப்பன்."

"நல்லதாப் போச்சு. எங்கட ஆக்களுக்கும் நோட்ஸ் தெரியாது."

இன்டர்வியூ அவ்வளவுதான். ஒரு கசெற்றைக் கையில் தந்து, சனிக்கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் விட்பிக்கு வரச் சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் தையல் மெஷினுக்கு முன்னால் ஹெட்போனோடு இருந்தேன். பிடில் என்பது வேறொரு வாத்தியமில்லை, அதே வயலின்தான். வாசிக்கிற மாதிரிதான் வேறு.

விட்பியில் முன்னாள் படைவீரர்களுக்கான மண்டபம் ஒன்று. நான் வழக்கம்போல மேடையில் விரிப்பைப் போட்டு, சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டு இருந்தேன். ஒருவர் தண்ணீர்க் கிளாஸோடு ஓடி வந்தார். நான் மயங்கிச் சரிந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். டொரீன் சிரித்துக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

சதுர நடனத்தில் நான்கு சோடிகள் சதுரமாக நிற்பார்கள். மேடையில் ஒருவர் மைக்கில் அடவுகளைச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. மூன்றாவது பாட்டில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? நின்று, கொஞ்சம் அசைத்து, ஒரு கமகம் போட்டு, ஆற அமர இறங்குவோம். அப்படியே செய்தேன். கீழே நான்கு பெண்கள் நடுவுக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரப் பாட்டு இல்லை. நான்கு ஆண்களும் எதிரே வந்துவிட்டார்கள். டமால்.

மைக்கில் நின்றவர் என் பக்கம் வந்து மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, மெட்டு நல்லா இருக்கு. ஆனா இந்த முழங்கால்களுக்கு எல்லாம் எழுபது வயசு. தாங்காது."

அடுத்த கிழமை என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். டொரீன் போன் பண்ணினார்.

2. சிவா இறங்கி ஆடியது

நானும் கற்றுக்கொண்டேன். வயலினை நாடிக்கும் தோளுக்கும் இடையில் வைத்து வாசிக்கப் பழகினேன். கழுத்து மாதக்கணக்கில் நொந்தது. எங்கள் சுருதியில் தந்திகள் சா, பா, சா, பா. அவர்களுக்கு அந்தக் கணக்கில்லை. பழகிய விரல்கள் தெரியாத வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுவதுபோலத் தடவிக்கொண்டு திரிந்தன.

என் கணவர் சிவாவுக்கு மிசிசாகாவில் விமான நிலைய வேலை. சனிக்கிழமைகளில் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வெளியே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு சதுரத்துக்கு ஆண் ஒருவர் குறைந்தார். டொரீன் வெளியே போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார்.

சிவா மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "வசந்தி, நான் கலியாண வீட்டிலையே ஆடாதவன். இதென்ன கூத்து? ஏலாது எண்டு நீர் சொல்லி விடும்."

"ஏழு பேர் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கினம். போங்கோ."

போனார். இடம் வலம் மாறி வேறொரு சதுரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் அவரை வரவேற்றார்கள். மூன்று மாதம் கழித்து வியாழக்கிழமையே கேட்கத் தொடங்கினார்: "இந்தக் கிழமை டான்ஸ் எங்கை?"

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. மில்லிக்கனில் இருக்கும் எங்கள் சொந்தக்கார அன்ரி ஒருவர் ஒருநாள் சொன்னார்: "கச்சேரி வாசிச்ச கையாலை உந்தத் துள்ளல் பாட்டுகளை வாசிக்கிறியாமே?"

"ஓம் அன்ரி. உங்கட மகளின்ரை அரங்கேற்றத்துக்கும் இந்தக் கைதான் வருது."



3. கூண்டுக்குள் நடுவர்கள்

என்னைப் போட்டிக்குப் போகச் சொன்னதும் டொரீன்தான். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில் ஒவ்வொரு கோடையும் பிடில் போட்டி நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு வால்ஸ், ஒரு ஜிக், ஒரு ரீல் வாசிக்க வேண்டும். வால்ஸ் தாலாட்டுப்போல ஆடும், ஜிக் குதிரைபோல ஓடும், ரீல் அதைவிட வேகம். மூன்றையும் நான்கு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் வெளியே. வித்தை காட்டக் கூடாது என்றும் ஒரு விதி. நடுவர்கள் தனியறையில் இருந்து ஒலிபெருக்கியில் மட்டும் கேட்பார்கள். யார் வாசிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. சேலை கட்டிக்கொண்டு போன எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துக்கொண்டது.

முதல் வருஷம் எடுபடவில்லை. நடுவர்களில் ஒருவர் சொல்லியனுப்பினார்: "அழகு. ஆனால் ஆட முடியாது." சனங்களை மோத விட்டவளுக்கு அது சரியான தீர்ப்புத்தான்.

அந்த வருஷமும் அதற்கு முந்திய பல வருஷங்களும் வென்றவர் உருளைக்கிழங்குத் தோட்டம் செய்யும் லாயிட் என்ற கமக்காரர். கதவு நிலையில் இடிக்கிற உயரம், பேச்சுக் குறைவு. அவர் ரீல் வாசித்தால் மேசையில் கிடக்கிற கரண்டிகூடச் சும்மா கிடக்காது. நான் அவர் வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்து வில் பிடிக்கிற கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தேவையான இடத்தில் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் அந்த அழுத்தத்தை மட்டும் பழகினேன்.

4. பிரடை கழன்றபோது

இரண்டாம் முறை இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். பியானோவில் டொரீன். கோடைக்காக ஐஸ் எடுத்துவிட்ட பனி விளையாட்டு மண்டபம், சனம் நிறைந்து உள்ளே சரியான புழுக்கம். வால்ஸின் பாதியில் 'டொக்' என்று ஒரு சத்தம். தந்தியை முறுக்கி வைக்கிற பிரடை வழுக்கி, இரண்டாம் தந்தி தொய்ந்து தொங்கியது. பாட்டின் முக்கால்வாசியும் அந்தத் தந்தியில்தான்.

கை நிற்கவில்லை. யோசிக்காமலே, கதிரையில் இருந்தபடி வயலினை நாடியிலிருந்து இறக்கி, எங்கள் முறைப்படி அதன் தலையை முழங்காலில் ஊன்றினேன். மூன்றாம் தந்தியில் மேலே மேலே ஏறி, சறுக்கிச் சறுக்கி, மிச்சப் பாட்டு முழுவதையும் அந்த ஒற்றைத் தந்திக்குக் கொண்டுவந்தேன். டொரீன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் வேகம் குறையாமல் வாசித்தார். ஜிக்கும் ரீலும் அப்படியே போயின. தாளம் மட்டும் விடவில்லை. கீழே சனம் எழும்பி நின்று தட்டியது.

முடிவு வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு அமைப்பாளர் வந்து சொன்னார்: "நடுவர்களுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு சறுக்கல் வித்தை காட்டுறதுக்காகத்தான் என்று நினைக்கினம். விதிப்படி தள்ள வேண்டி வரும்."

அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அறைக்குள் இருந்தவர்களுக்குத் தந்தி தொங்கியது எப்படித் தெரியும்? யார் வாசித்தது என்பதே தெரியாமல் வைத்திருந்தார்களே. நான் வாய் திறப்பதற்குள், இறுதிச் சுற்றில் மிஞ்சியிருந்த லாயிட் எழும்பினார். நான் தள்ளப்பட்டால் பரிசுக் கேடயம் அவருக்கு.

"வித்தை ஒண்டும் இல்லை. அவவுக்கு ஒரு தந்தி போச்சுது. மற்றதிலை வீட்டுக்கு வந்து சேர்ந்தா. நடுவரை வந்து வயலினைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார்.

நடுவர்கள் வெளியே வந்தார்கள், பார்த்தார்கள், உள்ளே போனார்கள். கேடயம் எனக்கு. சிவா கூட்டத்துக்குள் நின்று தமிழிலேயே கத்தினார்: "வசந்தி! பாத்தீரா! பாத்தீரா!"

5. லாயிட் சொன்னது

அதற்குப் பிறகு நடன வேலைகள் கொட்டின. தையல் தொழிற்சாலையை விட்டேன். பல மண்டபங்களில் லாயிட்டும் நானும் இரட்டைப் பிடில் வாசித்தோம். ஒருநாள் மேடை ஏறுவதற்கு முன் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அன்று ஏன் எழும்பினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"எங்கட மாவட்டத்திலை என்னைப் பயப்படுத்திற மாதிரி ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. உன்னைத் தள்ளி விட்டால் நீ திரும்பி வரமாட்டாய். பிறகு நான் ஆரோடை வாசிக்கிறது?"

என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: உங்களைவிட நன்றாக வாசிக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், பிடித்தபின் விடாதீர்கள். அவர் தோற்பதைவிட அவர் தொடர்ந்து வாசிப்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

அடுத்த கோடையில் லாயிட் என்னை வென்றார். தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வென்றார். நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது சிவா மெல்லக் கேட்டார்: "கவலையோ?"

"இல்லையப்பா. அவர் அந்த ஜிக்கிலை ஒரு இடம் வாசிச்சார். காரை ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ, மறக்க முந்தி வாசிச்சுப் பாக்க வேணும்."