வெள்ளி நங்கூரமும் தையல் மெஷினும்

என் வீட்டுக்காரர் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவர் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் ஒருமுறை படகேறி, கரை மறைவதற்குள் வாந்தி எடுத்த வீரர். அவருக்குத்தான் கப்பல் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரிகள் கடிதத்தை ஒட்டி, மேலே அரக்கை உருக்கி ஊற்றி, கைப்பிடி வைத்த வெள்ளி முத்திரையால் அழுத்துவார்களாம். அந்த முத்திரைகளைத் தேடித் தேடி வாங்கினார். நங்கூரம், பாய்மரம், பீரங்கி என்று ஏதாவது கடல் சமாச்சாரம் செதுக்கியிருந்தால் போதும், ஐயா மயங்கிவிடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போவார். சம்பளம் வந்ததும் பழைய சாமான் விற்கும் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்கு ஓடுவார். நான் கேட்டதெல்லாம் ஒரு தையல் மெஷின். ஊரில் ஜாக்கெட் தைக்க ஆளில்லை. மெஷின் இருந்தால் பூ வாங்கக்கூட இவரிடம் கை நீட்ட வேண்டாம்.

“இத்த வித்தா ஒண்ணு இன்னாமே, பத்து மெஷின் வாங்கலாம்” என்பார்.

ஒருநாள் நிஜமாகவே வாங்க ஆள் வந்தார். இதே மாதிரிப் பொருள்களைச் சேர்க்கிற மெட்ராஸ்காரர். இவர் முத்திரைகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைப் பெருமையாகத் திறந்து நீட்டினார். வந்தவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“யார் சார் இந்தக் கைப்பிடில பேர் வெட்டினது?”

“நான்தான் சார். திருவள்ளூர் பாத்திரக் கடைல குட்த்து வெட்டிக்கினு வந்தேன். எவனாவது தூக்கிக்கினு பூட்டான்னா நம்முதுன்னு தெரிய வாணாமா?”

எங்கள் பக்கம் டம்ளர் வாங்கினாலும் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வர அந்தப் பேர்தான் துணை. ஆனால் பழங்கால முத்திரையை அண்டாவோடு சேர்க்க இந்த மகானால் மட்டும்தான் முடியும்.

வந்தவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். போன வாரம் வாங்கியது, பாய்மரக் கப்பல் போட்டது. பேர் வெட்டக் கடைக்குப் போக நேரமில்லாததால் தப்பித்திருந்தது. அவர் சொன்ன விலை மெஷினுக்குத் தாராளமாகப் போதும். மெஷினை ஜன்னலோரம் போடுவதா, கதவோரம் போடுவதா என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மத்தது வாணாம்னா இதுவும் கெடியாது சார்.”

அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். ராத்திரி சோற்றுத் தட்டை இவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். அது இவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போய்விட்டு இளித்துக்கொண்டே வந்தவர், அந்த முத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார்.

“கோச்சிக்காதமே. இது உனுக்கே உனுக்கு.”

திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியில் இடம் போதவில்லையாம். கப்பலின் மேலேயே, புள்ளி புள்ளியாக, என் பேரை இனிஷியலோடு வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.